ஏழாம் அறையில் நீ இருந்தாய்

அன்றைக்கு நம் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள். உன் அக்கா செல்வி, சாம்பல் நிறச் சேலையில். அவள் வீட்டுக்காரர் முருகானந்தம், ஒட்டன்சத்திரத்திலிருந்து காரில் வந்து, ஜன்னலோர நீல நாற்காலியில் உட்கார்ந்து ஏழு வடை சாப்பிட்டவர். உன் சித்தப்பா தங்கவேல், செருப்பை வாசற்படிக்கு உள்ளே கழற்றிப் போட்டவர். அவர் சம்சாரம் பாக்கியம், வந்ததிலிருந்து போகும்வரை கைப்பையை மடியைவிட்டு இறக்காதவள். மாடியில் குடியிருக்கும் ரெஜினா டீச்சர், அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டவர். திதி கொடுக்க வந்த ஐயர், பத்தே முக்காலுக்கு வந்து பதினொன்றரைக்கு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். சுவரில் மாலைக்குள் உன் அப்பா. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்த நான். கடைசியாக நீ, டப்ளின் ஊரிலிருந்து, லேப்டாப் திரைக்குள். உன் அப்பாவின் முதல் வருஷத் திதி. இத்தனையையும் ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்கு நினைவு தப்பிவிட்டது என்று இவர்கள் கூடி முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

அப்பு, இதை நானேதான் லேப்டாப்பில் எழுதுகிறேன். ஒரு நாளைக்குப் பத்து வரி. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற தமிழ் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். எழுத்துப் பிழைகளை மட்டும் ரெஜினா டீச்சர் திருத்தித் தருகிறார். "இந்த இடத்துல கொஞ்சம் சாந்தமா எழுதலாமேம்மா" என்றார் ஒரு தடவை. "பிழையை மட்டும் பாருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். முடித்ததும் உனக்கு அனுப்பிவிட்டு நம் குடும்ப குரூப்பிலும் போடுவேன். அன்றைக்குப் பேசியதெல்லாம் எல்லோர் முன்னிலையிலும்தானே பேசினார்கள்.

உன் அப்பா போவதற்கு இரண்டு மாதம் முன்னால் என் வலது மணிக்கட்டு உடைந்தது ஞாபகம் இருக்கிறதா? அவருக்குச் சிறுமலை வாழைப்பழம் வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தேன். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில் இருக்கும்போதே கண்டக்டர் விசில் ஊதிவிட்டான். இடது காதோரம் மச்சம் உள்ளவன். எலும்பு கோணலாகக் கூடியது. சாவுக்கு வந்த நீ பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் ஒரு வாரம் இருந்தாய். உன் பழைய லேப்டாப்பை எனக்கென்று கொடுத்தாய். மவுஸைப் பிடித்தால் என் கை ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கும். அந்த அம்புக்குறி திரை முழுக்க ஓடும். இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் நீ மவுஸைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாய்.

"ஏலே, அது இல்லாம எப்பிடி?"

"இனிமே அது வேணாம்மா. வேற ஒண்ணு போட்டுத் தாரேன். டைலிங் விண்டோ மேனேஜர்னு பேரு. எல்லாத்தையும் பட்டன்லயே செஞ்சுக்கலாம்."

"எனக்கு ஒடஞ்சது கைதான்லே. இதெல்லாம் புதுசா படிக்கச் சொல்லி என் தலையையும் ஒடைக்கப் போறியா?"

"இது ஆரம்பிக்கிறவங்களுக்குன்னே செஞ்சதும்மா. பட்டன் மறந்துட்டா அதுவே லிஸ்ட் காட்டும். ஆபீஸ்ல நானே இதுலதான் வேலை பாக்குறேன்."

நீ வேலை பார்ப்பதும் நான் பார்ப்பதும் ஒரே மாதிரி திரையில் என்று கேட்டதும் எனக்குள் என்னவோ இளகிவிட்டது. அதனால்தான் சரி என்றேன். உன்னிடம் அப்போது சொல்லவில்லை.

நீ சொல்லிக்கொடுத்த விதம் நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். முதலில் ஒன்றைத் திறந்தால் திரை முழுவதும் அது நிற்கிறது. இரண்டாவதைத் திறந்தால் முதலாவது தானே ஒதுங்கிப் பாதி இடம் கொடுக்கிறது. மூன்றாவது வந்தால் அந்தப் பாதியில் பாதி. ஒன்று மேல் ஒன்று ஏறி மூடுவதில்லை. தரையில் டைல்ஸ் பதிப்பது போல என்று நீ சொன்னாய். எனக்கு நம் பங்காளிகள் நிலம் பிரித்ததுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் இங்கே வரப்புச் சண்டை இல்லை, ஒருவர் கிளம்பினால் மிச்சம் இருப்பவர்கள் அந்த இடத்தைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். அதற்கப்புறம் அறைகளைச் சொல்லிக்கொடுத்தாய். நீ ஒர்க்ஸ்பேஸ் என்றாய், நான் அறை என்று வைத்துக்கொண்டேன். ஒன்பது அறை. சூப்பர் என்று ஒரு விசை, அதோடு எண்ணைச் சேர்த்து அமுக்கினால் அந்த எண்ணுள்ள அறைக்குப் போய்விடலாம். முதல் அறை உன்னோடு பேச. இரண்டாவதில் பாட்டு. மூன்றாவதில் எழுத்துப் பழக. நான்காவதில் அப்பாவின் போட்டோக்கள். எந்த அறையில் ஆள் இருக்கிறதோ அந்த எண் திரையின் மேலே சின்னக் கட்டத்தில் தெரியும். "ஷிஃப்ட் மட்டும் சேத்து அமுக்கிறாதம்மா. அமுக்குனா நீ போக மாட்ட, எதுத்தாப்புல இருக்கிறத அந்த ரூமுக்கு அனுப்பிச்சு விட்டுருவ" என்று மூன்று தடவை சொன்னாய். போவதற்கும் அனுப்புவதற்கும் நடுவில் ஒரே ஒரு விரல்.

அது பழைய லேப்டாப். விசைகளின் மேல் இருந்த எழுத்தில் பாதியை உன் விரல்களே தேய்த்திருந்தன. நீ விமானம் ஏறிய மறுநாள் நான் பீரோவைத் திறந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை எடுத்தேன். அப்பா உயிரோடு இருக்கையில் செல்வி திருவிழாக் கடையில் மொத்தமாக வாங்கித் தந்தவை, பதினான்கு அட்டை அப்படியே கிடந்தன. சூப்பர் விசைக்குப் பெரிய சிவப்புப் பொட்டு. ஒன்றுக்கு மெரூன், இரண்டுக்குப் பச்சை, மூன்றுக்கு நீலம், நான்குக்குக் கல் வைத்தது. ஷிஃப்ட்டுக்குக் கறுப்பு, தொடக் கூடாது என்று அடையாளம். நெற்றியில் வைக்கக் கூடாது என்று எடுத்தவர்கள் கீபோர்டில் வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

அந்த ஒரு வருஷம் எப்படிப் போனது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். முதல் மாதம் பேசிக்கொண்டிருக்கும்போதே உன்னை மூன்று தடவை மூடிவிட்டேன். நீ சிரித்துக்கொண்டே அங்கிருந்தபடி அந்த விசையை வேலை செய்யாமல் ஆக்கினாய். கறுப்பாக ஒன்று திறந்து கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும், பயந்துபோய் லேப்டாப்பையே மூடிவிட்டு அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் அது அதே இடத்தில் நிற்கும். அப்புறம் பழகிவிட்டது. காலையில் மாடிக்குப் போய் மலைக்கோட்டையை ஒரு தடவை பார்ப்பேன். இறங்கி வந்து உலை வைப்பேன். ஒரு ஆளுக்கு அரிசி அளப்பதுதான் கஷ்டம், எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சும். பதினோரு மணிக்கு முதல் அறையில் போய் உட்காருவேன். உனக்கு அப்போதுதான் விடிந்திருக்கும். முதலில் தினமும் கூப்பிட்டாய், பிறகு ஒன்றுவிட்ட நாள், பிறகு ஞாயிறு. நீ கூப்பிடாத நாளிலும் பதினோரு மணிக்கு உட்காருவேன். முதல் அறை முழுவதும் எனக்கே கிடக்கும். நான்காவதுக்குப் போய் அப்பாவைப் பார்ப்பேன். இரண்டாவதில் பாட்டுப் போட்டுவிட்டு ஒன்றுக்கே திரும்பி வந்துவிடுவேன். நீ கூப்பிட்டால் நான் பக்கத்து அறையில் இருந்துவிடக் கூடாதே.

திதி அன்று காலையில் செல்விதான் லேப்டாப்பைத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். கீபோர்டைப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"என்னம்மா இது? ஐயர் வர்ற நேரம். சித்தி பாத்தா என்ன சொல்லும்? நீ பொட்டும் பூவுமா வச்சிருக்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியும்."

"நான் எங்கடி வச்சேன்? பெட்டிதான் வச்சிருக்கு."

"வெளையாட இதாம்மா நேரம்?" என்றாள். நான் வடைக்கு மாவு அரைத்துவிட்டு வருவதற்குள் நகத்தால் ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்துவிட்டாள். பிசின் மட்டும் மிச்சம். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, அப்பா செல்லம் அவள்.

நீ சரியான நேரத்துக்கு வந்தாய். ஐயர் மந்திரம் சொல்ல ஆரம்பித்ததும் உன் சத்தத்தை நிறுத்திக்கொண்டு கைகூப்பி நின்றாய். எனக்கு நிறைவாக இருந்தது. அவர் போன பிறகு இலை போடுவதற்கு முன்னால் உன் சித்தப்பா, "மதினி, அண்ணன் கடைசியா எடுத்த போட்டோ ஒண்ணு இருந்துச்சே, அதக் காட்டுங்க" என்றார். எல்லோரும் பார்க்க நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான் உட்கார்ந்தேன். சாம்பிராணிப் புகையில் கண்ணாடியைக் கழற்றியிருந்தேன். விரல் பொட்டைத் தேடியது. எங்கும் பிசின், எல்லா விசையும் ஒன்றுபோல. நான்கு என்று நினைத்து அமுக்கினேன். நீ மறைந்துவிட்டாய். அப்பாவும் வரவில்லை. வெறும் மலைக்கோட்டைப் படம், நீ பின்னால் வைத்துவிட்டுப் போனது. மறுபடி ஒன்றை அமுக்கினேன். மலைக்கோட்டை. மறுபடி அமுக்கினேன். மலைக்கோட்டை.

"எங்க மதினி கதிரேசன்?" என்றார் சித்தப்பா.

"இங்கதான் இருந்தான்" என்றேன். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன் போலிருக்கிறது. பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முருகானந்தம் நாற்காலியில் இருந்தபடியே, "ஏனுங்க அத்தை, பையனைத் தொலைச்சுட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுந்து அடுப்படிக்குப் போனேன். போன பிறகு அவர் குரல் மாறியது. "தப்பா எடுத்துக்காதீங்க சித்தப்பா. அத்தைக்கு நெனப்பு தப்ப ஆரம்பிச்சிருச்சுங்க. போன மாசம் பாலைப் பொங்க விட்டாங்கன்னு செல்வி சொன்னா. தனியா வச்சிருந்து நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்மளத்தான் கேப்பாங்க." பால் எந்த வீட்டில்தான் பொங்கவில்லை? "எங்க வீட்டுக்குப் பின்னால ஒரு ரூம் சும்மாதானுங்க கெடக்குது. அடுத்த ஞாயித்துக்கெழமை டெம்போ கொண்டாறேன்." உன் சித்தப்பா, "அதான் சரி. கீழ் வீட்டைப் பூட்டிப் போட்டுறலாம்" என்றார். ரெஜினா டீச்சர் மட்டும், "அம்மாவுக்கா மறதி? என் பிள்ளைங்க தடுப்பூசி தேதியெல்லாம் அவங்கதாங்க எனக்கு ஞாபகப்படுத்துனாங்க" என்றார். "குடும்ப விஷயம் டீச்சர், நாங்க பேசிக்கிறோம்" என்று அவர் வாயை அடைத்தார்கள். செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் வடைத் தட்டோடு நிலைப்படியில் நின்று அத்தனையும் கேட்டேன். பேசியிருக்கலாம். பேசினால் அழுகை வந்துவிடும், அழுதால் அதையும் நோய் என்பார்கள். தட்டை வைத்துவிட்டு இலை போட்டேன்.

நாலரை மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து புது அட்டையிலிருந்து பொட்டுகளை ஒட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, மேலே கட்டத்தில் ஏழு என்று எரிந்துகொண்டிருந்தது. ஏழாம் அறைக்கு நான் ஒரு நாளும் போனதில்லை. சூப்பரையும் ஏழையும் அமுக்கினேன். நாம் முகம் பார்த்துப் பேசுகிற பேச்சுப் பெட்டி அங்கே நின்றது. நான் ஷிஃப்ட்டையும் சேர்த்து அமுக்கி உன்னை அங்கே அனுப்பியிருக்கிறேன். பெட்டியின் அடியில் அழைப்பு எவ்வளவு நேரம் ஓடியது என்று போட்டிருந்தது. ஒரு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம். ஐயர் இருந்ததே முக்கால் மணி நேரம்தான். அழைப்பு துண்டாகவில்லை. திரையில்தான் நீ இல்லை. கூடத்தில் பேசியது ஒவ்வொன்றும் உன் காதுக்கு வந்திருக்கிறது. நீ சத்தத்தைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்டிருக்கும். "அம்மாவுக்கு ஒண்ணுமில்ல, விண்டோ வேற ரூமுக்குப் போயிருச்சு, ஏழை அமுக்கச் சொல்லுங்க" என்றிருந்தால் போதும். உனக்குத் தெரியாததா? நீ போட்டுக் கொடுத்ததுதானே?

மறுநாள் பதினோரு மணிக்குக் கூப்பிட்டாய். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

"நேத்து நெட் கட் ஆயிருச்சும்மா. அப்பறம் ஒண்ணும் கேக்கல."

"சரி அப்பு."

"அக்கா வீட்டுல பின்னாடி ரூம் ஒண்ணு சும்மாதான் கெடக்காம். போய் இருந்து பாரேம்மா."

"செல்வி பேசுனாளா?"

"இல்லம்மா. நானா சொல்றேன்."

சாப்பிட்டாயா என்று கேட்டேன், வைத்துவிட்டேன்.

நான் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், இல்லை. உன் அப்பத்தாவை மகன்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு வீடு என்று பிரித்தார்களே, அந்தப் பேச்சு நடந்த அன்று நான் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "நான் இங்கனயே கெடக்கேன்டா, எனக்கு இந்தக் கெணத்துத் தண்ணி போதும்" என்று கிழவி சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. வெளியே வந்து "இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் அப்பா கேட்டிருப்பார். நான் களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன். அவளைத் தங்கவேல் வீட்டுக்கு வண்டியில் ஏற்றியபோது என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அதோடு சாகும்வரை என்னிடம் பேசவில்லை. நான் ஊட்டிய கஞ்சியைக் குடிப்பாள், பேச மாட்டாள். அப்போது அவளை வஞ்சகி என்று நினைத்தேன். இப்போது அவள் பக்கம் நியாயம் இருந்தது என்று எழுதிவைக்கிறேன். சத்தம் போட்டவர்களை அவள் மறந்துவிட்டாள். சத்தம் கேட்டும் வெளியே வராதவளை மட்டும் வைத்துக்கொண்டாள்.

உனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், ஒன்று சொல்லிவைக்கிறேன். யாரையாவது பற்றி அவர் இல்லாத இடத்தில் பேச்சு வந்து, அது தப்பு என்று உனக்கு மட்டும் தெரிந்திருந்தால், அந்த இடத்திலேயே வாயைத் திறந்துவிடு. அப்புறம் தனியாகக் கூப்பிட்டு ஆறுதலாகப் பேசிக்கொள்ளலாம் என்று விடாதே. அப்புறம் பேசுவது உன் மனசுக்கு நல்லது, அவருக்கு அதில் ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை டெம்போ வந்தது. முருகானந்தமும் செல்வியும் முன்னால் உட்கார்ந்து வந்தார்கள். நான் காபி கொடுத்தேன்.

"சாமானெல்லாம் கட்டலீங்களா அத்தை?"

"நான் வாரதா இல்ல மாப்ளே."

"அதில்லீங்க, உங்க நல்லதுக்குத்தானுங்க..."

"எனக்கு நெனப்பு தப்பிருச்சுன்னு சொன்னீகள்ல? கேளுங்க. அன்னைக்கு நீங்க மஞ்சள் கோடு போட்ட வெள்ளச் சட்ட. மூணாவது வடைய எடுக்கையில செல்வி உங்க கையத் தட்டுனா. பேசி முடிச்சு எந்திரிக்கையில நாற்காலி காலுக்கடியில உங்க கர்ச்சீப் கெடந்துச்சு. இந்தாங்க, தொவைச்சு மடிச்சு வச்சிருக்கேன். உங்க கல்யாணத்தன்னைக்கு முகூர்த்தத்துக்கு நீங்க எம்புட்டு நேரம் லேட்டா வந்தீக, யாரு கூடப் பேசிக்கிட்டு நின்னீகன்னும் சொல்லவா?"

"அய்யோ, வேணாமுங்க" என்றார். செல்விக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகு லேப்டாப்பைத் திறந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒவ்வொரு அறையாகப் போய்க் காட்டினேன். நான்காவதில் அப்பாவின் கடைசிப் போட்டோவைப் பார்த்து முருகானந்தமே எழுந்து நின்றார். "மன்னிச்சுக்கங்க அத்தை, தெரியாமப் பேசிட்டேன்" என்றார். டெம்போ காலியாகத் திரும்பியது.

ஜெயித்துவிட்டேன் என்று நினைக்காதே. வண்டிச் சத்தம் தெருமுனையில் அடங்கிய பிறகு இந்த வீடு இருந்த இருப்பை உனக்கு எழுத எனக்குத் தெரியவில்லை. ஒரு ஆளுக்கு உலை வைத்தேன், மிஞ்சியது. டீச்சர் பள்ளிக்கூடம் போய்விட்டால் மாடியிலும் காலடிச் சத்தம் இருக்காது. பதினோரு நாளாக நீ கூப்பிடவில்லை. நான் போகாதது உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு எல்லாம் தெரியும் என்பதும் தெரிந்திருக்கும். இந்தக் கடிதத்தை மூன்றாம் அறையில் இடது பாதியில் எழுதுகிறேன். வலது பாதியில் நம் பேச்சுப் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஒன்று இன்னொன்றை மறைக்கவில்லை.

இனி ஒவ்வொருவராகச் சொல்லி முடிக்கிறேன். செல்வியை மன்னித்தாயிற்று, அவள் ஊருக்குப் பயந்தவள். முருகானந்தத்தையும் மன்னித்தாயிற்று, வாய்விட்டுச் சொன்னார், தப்பு என்று தெரிந்ததும் வாய்விட்டுக் கேட்டார். தங்கவேல் என்றைக்கும் அடுத்தவர் சொன்னதற்குத் தலையாட்டுகிறவர், அவரை மன்னிக்க ஒன்றுமில்லை. பாக்கியம் சிரித்ததை விட்டுவிட்டேன், நானும்தான் சிரித்தேன். மிச்சம் ஒருவன். அவன் கூப்பிட்டால் எடுப்பேன். குளிருக்குக் கம்பளி போட்டாயா, குழந்தைக்குச் சளி விட்டதா என்று கேட்பேன். அடுத்த வருஷத் திதிக்கு வந்தால் அவனுக்குப் பிடித்த வெஞ்சனம் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுவேன். அதெல்லாம் வேறு. ஒரு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம் என் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, எனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு, பேசாமல் இருந்தவனை நான் மன்னிக்க மாட்டேன். அவன் பெயர் கதிரேசன்.